போனா, சாக்கா?

அந்த வீடியோ உங்கள் போனுக்கும் வந்திருக்கும். பெட்ரோல் பங்க். நீலச் சட்டை போட்ட ஒரு பெண். வலது கையில் பெட்ரோல் குழாய், இடது கையில் செல்போன். போனைச் சுற்றி யாரோ சிவப்பு வட்டம் போட்டிருக்கிறார்கள். குப்பென்று ஒரு தீ. அதோடு வீடியோ முடிந்துவிடும். பின்னணியில் பேய்ப்பட மியூசிக். கீழே கொட்டை எழுத்தில், 'செல்போன் பேசியபடி பெட்ரோல் போட்ட பெண்ணின் அலட்சியம்! உங்கள் அன்புக்குரியவர்களுக்குப் பகிருங்கள்!'

என் அன்புக்குரியவர்கள் எல்லாரும் எனக்குப் பகிர்ந்தார்கள். காலேஜ் குரூப், கிரிக்கெட் குரூப், அரசு வேலைக்குப் படிப்பவர்களின் குரூப், பெரியப்பா மகன், பல் டாக்டரிடம் டோக்கன் போடும் அக்கா. அந்தப் பெண் என் மதினி, என் கூடப் பிறந்த அண்ணனின் மனைவி என்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. மீதிப் பாதிப் பேர் தெரிந்தேதான் அனுப்பினார்கள்.

முதல் தடவை பார்த்தபோது நான் சின்னமனூரில் ஒரு கடையில் புரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பார்த்து முடித்துவிட்டு மீதிப் புரோட்டாவையும் சாப்பிட்டேன். சால்னா இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பல்லுக்கு மரத்துப்போகும் ஊசி போட்டால் உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருப்போமே, அதுபோல அந்த வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு முந்தின நாள் காலையில் நடந்த விஷயம் அது. மதினி மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது மணிக்கட்டில் மஞ்சள் மருந்து தடவியிருந்தார். அம்மா என்னத்தா என்று கேட்டதற்கு, "லேசா பிடிச்சுக்கிருச்சு அத்தே. அணைச்சாச்சு. சோறு இருக்கா?" என்றார். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். மறுநாள் வீடியோ வந்த பிறகுதான், பங்க் மேனேஜர் அவரை 'விசாரணை முடியிற வரைக்கும் வீட்டுல இரு' என்று அனுப்பியிருந்ததும் தெரிந்தது.

மதினிக்கு அந்த வேலை எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் மற்றதெல்லாம் வெறும் வாட்ஸப் கதை. அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். தீபாவளி, பொங்கல், சித்திரைத் திருவிழா என்று மூன்று தடவை வருவான். மதினி முன்பு ஏலத்தோட்ட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். கம்பம் பள்ளத்தாக்கில் விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்பும். ஆறு பேர் உட்காரும் ஜீப்பில் இருபது பெண்களை அடுக்கி, கம்பம்மெட்டு மலையேறி, கேரளா பக்கம் உள்ள தோட்டத்தில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். இருட்டும் நேரத்தில் திரும்பக் கொண்டுவருவார்கள். ஒருநாள் ஒரு கொண்டை ஊசி வளைவில் அவர் போன ஜீப் கவிழ்ந்தது. மதினிக்குத் தோள்பட்டையில் கம்பி வைத்தார்கள். அவருக்குப் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண் வீடு திரும்பவில்லை. அதைப் பற்றி மதினி பேசியதே கிடையாது. ஜீப் சத்தம் கேட்டால் தெருவை விட்டு வீட்டுக்குள் போய்விடுவார், அவ்வளவுதான். அதற்கப்புறம் கிடைத்த வேலைதான் இந்தப் பங்க். சின்னமனூரைத் தாண்டி, மெயின் ரோட்டின் மேலேயே. நடந்து போய் நடந்து வரலாம். இது போனால் திரும்பவும் ஜீப். வேறு எதுவும் எங்கள் ஊரில் வரிசையில் நின்று கூப்பிடவில்லை.

சரி, தீ எப்படிப் பிடித்தது?

எங்கள் பக்கம் திராட்சைத் தோட்டங்கள் அதிகம். கொடிக்கு மருந்தடிக்கும் மிஷினுக்குப் பெட்ரோல் வேண்டும். மிஷினை முதுகில் சுமந்துகொண்டு பங்குக்கு வர முடியாது, கேனில்தான் வாங்க வேண்டும். கேனில் கொடுக்கக் கூடாது என்று போர்டு இருக்கிறது, மேலே கேமராவும் இருக்கிறது. எனவே ஊரே சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறது. பிளாஸ்டிக் கேனை யூரியாச் சாக்குக்குள் வைத்து, சாக்கை பைக்கின் பின்சீட்டில் கட்டிக்கொண்டு வருவது. பங்கில் வந்து சாக்கின் வாயை மட்டும் லேசாகப் பிரித்துக் காட்டி, "சாக்கோட போடு" என்றால் போதும். கேனை இறக்கவே மாட்டார்கள். கேமராவுக்கு ஏதோ பைக்குக்குப் பெட்ரோல் போடுகிற மாதிரி இருக்கும். சின்னமனூரிலிருந்து கூடலூர் வரைக்கும் 'சாக்கோட போடு' என்றால் என்னவென்று தெரியாத ஆள் கிடையாது.

நான் பி.எஸ்சி. பிசிக்ஸ். அரியர் இல்லை. வேலையும் இல்லை, அது வேறு விஷயம். படித்ததில் ஒன்று மட்டும் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. யூரியாச் சாக்கு பருத்தி இல்லை, சணலும் இல்லை, முழுக்கப் பிளாஸ்டிக் இழை. அதற்குள் பிளாஸ்டிக் கேன். கீழே ரெக்சின் சீட்டு. ஆடி மாதக் காற்றில், குண்டும் குழியுமான தோட்டத்துப் பாதையில் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே வந்தால் அதில் மின்னேற்றம் சேரும். கேனைத் தரையில் வைக்காமல் அப்படியே அந்தரத்தில் வைத்துப் பெட்ரோல் ஊற்றினால் இன்னும் சேரும். பக்கத்தில் ஒரு இரும்புக் குழாய் வந்தால் சட்டென்று ஒரு பொறி. கண்ணுக்குக்கூடத் தெரியாது. பெட்ரோல் ஆவிக்கு அது போதும்.

போனில் அந்த அளவுக்குச் சரக்கு இல்லை. பெட்ரோல் பங்கில் போன் பேசியதாலேயே தீப்பிடித்தது என்று உறுதியாக நிரூபிக்கப்பட்ட ஒரு சம்பவமாவது இருக்கிறதா என்று நானும் தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. போன் சாமி கும்பிட வேண்டிய பொருள் என்று நான் சொல்ல வரவில்லை. கீழே விழுந்து பேட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கும், போனைப் பார்த்துக்கொண்டே ஊற்றினால் கவனம் போகும். ஆனால் சிக்னல் பட்டுத் தீப்பிடிக்கும் என்றால் எங்கள் பங்க் தினமும் எரிய வேண்டும். வரிசையில் நிற்கும் எல்லாருடைய பாக்கெட்டிலும் சிக்னல். 'பணம் பெறப்பட்டது' என்று நாள் முழுக்கக் கத்தும் ஸ்பீக்கர் டப்பாவுக்குள்ளும் சிம்கார்டுதான். 'செல்போன் தடை' போர்டுக்கு நேர் கீழே அந்த டப்பா.

அதைவிடப் பெரிய விஷயம், மதினி போனில் பேசவே இல்லை. முந்தின வாரம் அடித்த காற்றில், பணம் கட்ட ஸ்கேன் பண்ணும் ஸ்டிக்கர் பிய்ந்து ரோட்டைத் தாண்டி வாழைத்தோப்புக்குள் போய்விட்டது. புது ஸ்டிக்கர் வரும்வரை அவரவர் போனில் அந்தப் படத்தைக் காட்டச் சொல்லி மேனேஜர்தான் பங்கில் வேலை பார்ப்பவர்களின் குரூப்பில் வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தார். வலது கையால் சாக்குக்குள் ஊற்றிக்கொண்டே, பின்னால் நின்ற கார்க்காரருக்கு மதினி இடது கையால் போனை நீட்டியிருக்கிறார். தீ வந்ததும் குழாயை மூடி, காலால் சாக்கை பைக்கிலிருந்து கீழே தள்ளிவிட்டு, மணல் வாளியை எடுத்துக் கொட்டியதும் அவர்தான். அந்தப் பகுதி வீடியோவில் இல்லை. 'பகிருங்கள்' என்கிற எழுத்து சரியாகச் சாக்கின் மேலேயே உட்கார்ந்திருந்தது.

அண்ணன் திருப்பூரிலிருந்து எனக்கு போன் பண்ணினான். எடுத்ததும் கேட்டது ஒரே கேள்வி.

"யாருகூடடா பேசிக்கிட்டு இருந்தா?"

"கையில சுட்டுருச்சான்னு கேக்க மாட்டியா?"

"அதையும்தாண்டா கேக்குறேன். யாருகூட?"

நான் ஸ்டிக்கர் கதையைச் சொன்னேன். தையல் மிஷின் சத்தத்துக்கு நடுவே, "இங்கன சூப்பர்வைசர்லாம் பார்த்துட்டாக" என்றான். வைத்துவிட்டான்.

அன்று சாயங்காலம் மதினிக்கு நான் மின்னேற்றம் பற்றிப் பாடம் எடுத்தேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"நம்ம வீட்டுக்கே கரண்டு ஒழுங்கா வரமாட்டேங்குது. சாக்குக்குள்ள எப்பிடி தம்பி வரும்?"

"ஒயர்ல வர்ற கரண்டு இல்ல மதினி. உரசுறதுல வர்றது."

"யூனிஃபார்ம் சட்டையக் கழட்டுறப்ப சடசடன்னு வருமே, ரோமமெல்லாம் நட்டுக்கிட்டு நிக்குமே, அதுவா?"

"அதேதான்!"

"இதுக்கா மூணு வருசம் காலேசுக்குப் போனீக?" என்று சிரித்தார். வீடியோ வந்த பிறகு அவர் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான். நானும் சிரித்தேன். பிறகு அவர், "அப்ப இதைச் சொன்னா வேலை கெடச்சிருமா?" என்று கேட்டார்.

"கெடைக்காம? நாளைக்கே போய் மேனேஜர்ட்ட சொல்றேன்."

பெரிய வக்கீல் மாதிரி சட்டையை இன் பண்ணிக்கொண்டு போனேன். மேனேஜர் கண்ணாடி ரூமில் ஏ.சி.யை வைத்துக்கொண்டு விசிறியையும் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"சார், தீப்பிடிச்சதுக்குப் போன் காரணம் இல்ல. சாக்குதான் காரணம்."

"என்ன சாக்கு?"

"அந்தச் சாக்குதான் சார்."

"தம்பி, சாக்குச் சொல்லாத. தப்பு பண்ணுனா ஒத்துக்கிறணும்."

"நான் சாக்குச் சொல்லல சார், சாக்கைச் சொல்றேன்."

மூலையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் பொசுக்கென்று சிரித்துவிட்டார். மேனேஜர் சிரிக்கவில்லை. எழுந்து கதவைச் சாத்தினார்.

"ஏலே, நீ படிச்ச பய. யோசிச்சுப் பேசு. சாக்குன்னா உள்ள என்னன்னு கேப்பாக. கேன்னு சொல்லுவ. கேன்ல யாரு ஊத்தச் சொன்னதுன்னு கேப்பாக. பங்கைச் சீல் வச்சிருவாக. பத்து பொம்பளைக, அஞ்சு ஆம்பளைக இங்கன வேலை பார்க்குறாக. சீல் வச்ச பங்குல ஒன் மதினி யாருக்குப் பெட்ரோல் போடும்?"

"நீங்கதான் சார் போன்ல காட்டச் சொன்னீக. வாய்ஸ் மெசேஜ் இருக்கே."

"எங்க, காட்டு பாப்போம்."

மதினியின் போனை நான்தான் எடுத்துப் போயிருந்தேன். குரூப்பைத் திறந்தேன். அந்த இடத்தில் 'இந்த மெசேஜ் நீக்கப்பட்டது' என்று இருந்தது. அப்போதாவது எனக்குச் சுள்ளென்று ஏதாவது வந்திருக்க வேண்டும். ஏ.சி. குளிர் நல்லா இருக்கிறதே என்றுதான் தோன்றியது.

அங்கிருந்து நேராக அந்தச் சாக்குக்காரரைப் பார்க்கப் போனேன். உத்தமபாளையம் போகிற வழியில் அவருக்குத் திராட்சைத் தோட்டம். பந்தலுக்குக் கீழே குனிந்து நின்றுகொண்டிருந்தார். அவர் கையில் ரோமம் கருகி, கோழி பொசுக்கிய மாதிரி இருந்தது.

"வாப்பா. ஒங்க மதினி இல்லைன்னா நான் அங்கனயே பொணம்" என்றார். டீ சொன்னார். ஒரு கொத்து திராட்சையை அறுத்துக் கையில் கொடுத்தார்.

"அதை அப்பிடியே விசாரணைக்கு வர்ற ஆபீசர்ட்ட வந்து சொல்லணும்ணே. கேனைச் சாக்குல வச்சு வாங்குனேன், போன் காரணம் இல்லைன்னு."

அவர் திராட்சையைப் பார்த்தார். பிறகு மேகமலைப் பக்கம் பார்த்தார்.

"மழை வர்ற மாதிரி இருக்கு. வந்தா கொடி பூராம் நோய் விழும். மருந்தடிக்கணும். நாளைக்கும் நான் அதே பங்குக்குத்தான் சாக்கைக் கட்டிக்கிட்டுப் போகணும். நான் எப்பிடிப்பா சொல்றது?" பிறகு, "பொம்பளைப் புள்ள பாவம்தான்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. டீ வந்ததும் எனக்கு முதலில் கொடுத்தார்.

விசாரணைக்குப் பெட்ரோல் கம்பெனி ஆபீசர் வந்த நாளில் நான் மதினியை பைக்கில் கூட்டிப்போனேன். வழியெல்லாம் ஒத்திகை. 'சாக்கு பிளாஸ்டிக் இழை, கேன் தரையில் இல்லை, இரும்புக் குழாய், பொறி.' பரீட்சைக்குப் போகும் பிள்ளை மாதிரி பின்னால் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். பங்குக்குள் நுழையும்போது ஏலத்தோட்ட ஜீப் ஒன்று டீசலுக்கு நின்றுகொண்டிருந்தது. அதன் டிரைவர் தலையை நீட்டி, "என்னக்கா, வேலை போயிருச்சாம்ல? நாளையில இருந்து வர்றீகளா? ஒரு சீட்டு கெடக்கு" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகத்தான் கூப்பிட்டார். மதினி முணுமுணுப்பதை நிறுத்திவிட்டார்.

காற்றடிக்கும் மிஷின் பக்கத்தில் மேனேஜர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். என் காதில் விழுந்தது கடைசி வரி மட்டும்தான். "போன்னு சொல்லிட்டா ஒரு வார்னிங்கோட முடிஞ்சிரும். நாளைக்கே சட்டையைப் போட்டுக்கிட்டு வந்துரலாம்."

ஆபீசர் மேசையில் லேப்டாப்பை வைத்து, பங்க் கேமராவில் பதிவான முழு வீடியோவை ஓட்டினார். கதவு திறந்தே இருந்தது. நான் வாசலில் நின்றேன்.

"போன்ல பேசிக்கிட்டு இருந்தியாம்மா?"

மதினி என்னைப் பார்க்கவில்லை.

"ஆமா சார்."

"யாரோட?"

"வீட்டுக்காரரோட சார்."

"பின்னால இருக்கே, அந்தச் சாக்குல என்ன?"

"புண்ணாக்கு சார். மாட்டுக்கு."

"அப்ப பெட்ரோல் எதுல போட்ட?"

"வண்டி டேங்குல சார்."

"டேங்க் முன்னால இருக்கு. தீ பின்னாலல்ல வருது?"

"காத்து சார். ஆடிக் காத்து."

ஆபீசர் வீடியோவைக் கொஞ்சம் பின்னால் ஓட்டினார். திரும்ப ஓட்டினார். மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் ஜன்னலைப் பார்த்தார். வெளியே நிஜமாகவே காற்று அள்ளிக்கொண்டு போனது. ஆபீசர் லேப்டாப்பை மூடி, "இனிமே டூட்டியில போன் தொடக் கூடாது, என்ன?" என்றார்.

"சரிங்க சார்."

திரும்பி வரும்போது எனக்குத் திட்டவும் தோன்றவில்லை, பாராட்டவும் தோன்றவில்லை. பாதி வழியில் மதினியே சொன்னார், "எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்துச்சு தம்பி. பிளாஸ்டிக்கு, பொறி எல்லாம். மறந்துபோய்ச் சொல்லாம விடல."

"தெரியும் மதினி."

அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். "எங்கூட எப்படா பேசுனா?" என்றான். பிறகு, "சரி, எங்கூடன்னே இருந்துட்டுப் போகட்டும்" என்றான். அந்த ஒரு விஷயத்தில் அவனுக்கு ஒரு நிம்மதி.

மதினிக்கு வேலை கிடைத்தது. கூடவே இன்னொரு வேலையும் கிடைத்தது. கம்பெனியில் பாதுகாப்பு விழிப்புணர்வு என்று ஒரு கூட்டம் போட்டார்கள். பக்கத்து பங்குகளில் வேலை பார்ப்பவர்களையும் வரச் சொல்லி, மதினியை முன்னால் நிறுத்தினார்கள். 'நான் செல்போன் பேசிக்கொண்டே பெட்ரோல் போட்டேன். தீப்பிடித்துவிட்டது. நீங்கள் யாரும் அந்தத் தவறைச் செய்யாதீர்கள்.' மேனேஜர் எழுதிக்கொடுத்ததை அப்படியே சொன்னார். நன்றாகப் பேசினார் என்று தேனிக்கும் கூப்பிட்டார்கள், ஆண்டிபட்டிக்கும் கூப்பிட்டார்கள். ஆண்டிபட்டிக் கூட்டத்துக்கு நான்தான் கூட்டிப்போனேன். கேள்வி நேரத்தில் ஒருத்தர், "போன் எப்பிடிம்மா தீ பிடிக்கும்?" என்று கேட்டார். மதினி சற்றும் யோசிக்காமல், "கதிர் வருதுல்ல சார், அதுல" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். கைதட்டினார்கள். சமோசா கொடுத்தார்கள். அதையும் வீடியோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பினார்கள். அதுவும் என் காலேஜ் குரூப்புக்கு வந்தது. ஒருத்தன் கைகூப்பும் பொம்மை போட்டிருந்தான்.

ஊரில் இப்போது அவருக்குப் பேர் போன் அக்கா. பெட்ரோல் போட வருகிறவர்கள், "அக்கா, நீங்கதான அந்தப் போன் அக்கா?" என்பார்கள். "ஆமாண்ணே. எவ்வளவுக்கு?" என்பார். கோபமோ கூச்சமோ இருக்காது. செல்ஃபி எடுக்கலாமா என்று ஒரு பையன் கேட்டபோது மட்டும், "இங்கன போன் எடுக்கக் கூடாதுப்பா" என்றார். அவன் அதை ஜோக் என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தான்.

போன வாரம் நான் பெட்ரோல் போடப் போனேன். வெயில் அதிகம், கூட்டம் கம்மி. மதினி மீட்டரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, என்னைப் பார்க்கச் சொன்னார். டேங்கில் குழாயை வைத்தார். பிறகு குனிந்தபடியே கேட்டார்.

"தம்பி, நெசமாவே அது போன் இல்லதான?"

நான் விளையாட்டு என்று நினைத்தேன். அவர் முகத்தில் விளையாட்டு இல்லை.

"என்ன மதினி, நீங்கதான அங்கன நின்னீக. ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆனா சொல்லிச் சொல்லி, இப்ப கண்ணை மூடுனா அப்பிடித்தான் வருது. போன் அடிக்குது, நான் எடுத்துக் காதுல வைக்கிறேன், ஒங்க அண்ணன் அலோங்குறாக. அப்பறம் தீ. சாக்கே வரமாட்டேங்குது."

பிசிக்ஸில் இதற்கு ஒன்றும் கிடையாது.

"போன் இல்ல மதினி."

"ம்."

பின்னால் நின்ற லாரிக்காரர் ஹாரன் அடித்தார். மதினி டேங்க் மூடியைத் திருகி, துணியால் மேலே துடைத்துவிட்டார்.

"சரி, வண்டிய எடுங்க. அவுக நிக்கிறாக."